களிம்பு ஏறிய கரண்ட்

பழைய காரை மீட்டெடுப்பவர்கள் முதலில் செலவழிப்பது பெயிண்டுக்கு. அடுத்து எஞ்சின், சீட் கவர், குரோமியப் பூச்சு. கடைசியாகத்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் சிக்கு விழுந்து கிடக்கும் வயர்களின் நினைப்பு வருகிறது. அதுவும் ஒருநாள் புகை வந்த பிறகு.

தமிழகத்தில் இந்தத் தலைவலியின் பெயர் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி வடிவமைத்த கார் அது. அதன் சேசிஸைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. தம்பி அளவுக்குப் பேர் வாங்காவிட்டாலும் அண்ணனும் சளைத்தவனல்ல: சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறின. இரண்டுக்கும் மின்சாரம் லூகாஸ் கருவிகள் வழியே.

பர்மிங்காம் நகரத்து லூகாஸுக்கு உலகெங்கும் கார் பிரியர்கள் வைத்த பட்டப்பெயர் ‘இருட்டின் இளவரசன்’. சென்னைவாசிகளுக்கு அதே பெயர் பாடியில் ஒரு பஸ் ஸ்டாப், 1961-ல் டி.வி.எஸ். குழுமத்தோடு லூகாஸ் கைகோத்ததன் அடையாளம். கேலியில் உண்மை பாதிதான். குற்றவாளி பல நேரங்களில் லூகாஸ் அல்ல, களிம்பு.

காரில் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போக ஒரு வயர். திரும்பி வர காரின் உடம்பே பாதை. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்கிறார்கள். எர்த் போல்ட்டில் துரு, இணைப்பில் களிம்பு என்றால் பாதை அடைபடும். கணக்கு எளியது. இரண்டு ஹெட்லைட்டுகளும் இழுப்பது சுமார் 10 ஆம்பியர். களிம்பேறிய இணைப்பின் தடை வெறும் 0.2 ஓம் என்றாலும் அங்கே 2 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் பல்புக்கு 10 வோல்ட்தான் மிஞ்சும். வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். போன 2 வோல்ட் எங்கே? அந்த இணைப்பில் சுமார் 20 வாட் சூடாக உட்கார்ந்திருக்கிறது. சிறிய சால்டரிங் அயர்னுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேவை. பக்கத்தில் பெட்ரோல் குழாய் ஓடுகிறது.

இன்னொரு ஆபத்து, ஃப்யூஸ் பற்றாக்குறை. அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டே ஃப்யூஸ்கள்; ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. பேட்டரியிலிருந்து நேரே வரும் பிரவுன் வயர் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஆளில்லை. வயர் கட்டு முழுவதும் திரிபோல எரியும். இந்த லட்சணத்தில் ஹாலஜன் பல்பு, ஏர் ஹார்ன், ஸ்டீரியோ என்று பாரம் ஏற்றுகிறார்கள். அன்றைய சி40-1 டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர். ஐடிலில் அநேகமாக ஒன்றுமே தராது.

கடலோரத்தில் எல்லாமே இருமடங்கு வேகம். அந்தமானில் போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய கராச்சர்மா போன்ற ஊரை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை; சென்னையைப் போல இரண்டு பங்குக்கும் மேல். சுற்றிலும் உப்புக் காற்று. உறை வெடித்த செம்புக் கம்பியில் ஈரம் நுழைந்தால் உள்ளுக்குள்ளேயே கறுத்துப் போகும். வெளியே பார்த்தால் வயர் புதுசுபோல இருக்கும்.

தீர்வு விலை உயர்ந்ததல்ல, பொறுமை கேட்பது. ஹெட்லைட்டை எரியவிட்டு, பல்பின் எர்த்துக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் போதும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதையில் களிம்பு உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? அதுவும் எர்த் கோளாறுதான். போல்ட்டைக் கழற்றி, தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினால் பாதி வியாதி தீரும். உறை நொறுங்கும் வயரை டேப் சுற்றிக் காப்பாற்ற முடியாது; மாற்றியே ஆகவேண்டும். கடலோரத்தில் படகுக்காரர்களைப் பின்பற்றி வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போடுவது உத்தமம். ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸும் ரிலேயும், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் கட்டாயம்.

மாற்றும்போது கலரை மாற்றக்கூடாது. பிரவுன் என்றால் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸுக்குப் பிந்தைய இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். கிடைத்த கலரில் வயர் இழுத்தவர் அடுத்து வரும் எலக்ட்ரீஷியனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுகிறார்.

ஒரிஜினல் தன்மை கெட்டுவிடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. 50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விண்டேஜ் பதிவு விதிகள் தடுப்பது சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் பெரிய மாற்றங்களை. பார்வையில் படாத நாலு ஃப்யூஸ் காரின் சரித்திரத்தைக் குலைக்காது. ஃப்யூஸ் இல்லாமல் எரிந்துபோன ஹெரால்டுக்கோ ஒரிஜினல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.