கல்யாணத்துக்கு முன்னாடி ஊரெல்லாம் சுத்தறீங்க, தாலிக்கு சாட்சி யாரு?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சுட்டுத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க. பாதியில நிறுத்திட்டு கமெண்டுக்கு ஓடாதீங்க.

ரெண்டு வாரமா எங்கள் கோயில் தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜோடியின் வீடியோக்கள்தான் சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம நாட்டுப் பிள்ளைகள்தான். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எங்களுக்குத் தனிக் கோபம் எதுவும் இல்லை. துபாய் பாலைவனத்தில் மோதிரம் போட்டாங்க. மாலத்தீவில் தண்ணி மேல கட்டின ரூமில் பிறந்தநாள். பாரிஸில் ஐஃபில் கோபுரத்துக்கு முன்னாடி காஞ்சிபுரம் கட்டி போட்டோ. அப்புறம் மாப்பிள்ளை தன் கூட்டாளிகளோடு புக்கெட், பொண்ணு தன் கூட்டாளிகளோடு பேங்காக். கடைசியில் பாலியில் கடலோரப் பாறை மேல கல்யாணம். ஒரு வருஷத்துக்குள் இவ்வளவும். கல்யாண வீடியோ 4 நிமிஷம் ஓடுது, அதில் தாலி கட்டுவது 3 வினாடி. எங்கள் குழுத் தம்பி ஒருத்தர் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினார். ஷாம்பெய்ன் பாட்டில் திறப்பதுதான் அதிக நேரம் வருதாம்.

பார்த்தவங்க எல்லாம் "சூப்பர்", "கப்பல் கோல்ஸ்" என்று போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே ரெண்டு அம்மாமார்கள், "என் மகளுக்கும் இந்த மாதிரி செய்யணும்"னு எழுதினாங்க. அதைப் படித்த பிறகுதான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூன் 27-ல் அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸ், லாரன் சான்செஸைக் கல்யாணம் பண்ணினார், இத்தாலி வெனிஸ் நகரத்தில். அதுக்கு முன்னாடி நடந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஏப்ரலில் பொண்ணு, மாப்பிள்ளையின் சொந்தக் கம்பெனி ராக்கெட்டில் ஏறி 11 நிமிஷம் விண்வெளிக்குப் போய் வந்தார். மே மாசம் பாரிஸில் தோழிகளோடு பார்ட்டி. இடையில் 127 மீட்டர் நீளமுள்ள 'கோரு' என்ற பாய்மரக் கப்பலில் கடல் சுற்று. கல்யாணம் மூன்று நாள். 4 கோடியிலிருந்து 4 கோடியே 80 லட்சம் யூரோ வரை செலவு என்று அந்த வட்டாரத்தின் தலைவரே சொன்னார். பெசோஸ் உலகப் பணக்காரர். அவருக்கு அது கைச்செலவு. அது அவர் பாடு.

ஆனா வெனிஸ்காரர்கள் என்ன செய்தாங்க தெரியுமா? எதிர்த்தாங்க. பழைய நகரப் பகுதியில் இப்போது 50,000 பேர் கூட குடியில்லை. வாடகை ஏறி, வீடெல்லாம் சுற்றுலாப் பயணிக்குப் போய், சொந்த ஊர்க்காரன் வெளியே போய்ட்டான். இருக்கிறவங்க பாலத்தில் பதாகை கட்டினாங்க. காத்தடிச்ச ரப்பர் முதலைகளோடு கால்வாயில் குதித்து வழியை மறிப்போம்னாங்க. கடைசி விருந்தை வேறு இடத்துக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. "எங்க ஊரை உன் போட்டோவுக்குப் பின்னாடி தொங்கற படுதா ஆக்காதே" என்பதுதான் அவர்கள் கோபம்.

அவன் ஊரையாவது படுதா ஆக்கினான். நம்ம ஆளுங்க சொந்த பந்தத்தையே வீட்டில் விட்டுட்டுப் போறாங்க. நாம அதுக்கு லைக் போடறோம்.

இப்ப காசுக்கு வருவோம். எங்களில் பாதிப்பேர் பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்கிறவர்கள். சூப்பர்வைசர், லைன் லீடர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கேன்டீன் அக்கா எல்லாரும் இருக்கோம். குறைந்தபட்ச சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. ஓட்டி, ஷிப்ட் அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு ஆப்பரேட்டர் 2,600 பார்த்தால் நல்ல மாசம். அதில் ஈபிஎஃப் பிடித்தம் 11 சதவீதம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, லங்காவியில் ஒன்று, பாலியில் ஒன்று என்று ரெண்டு போட்டோ பயணத்துக்கும், அப்புறம் பாலியில் 25 பேரோடு கல்யாணத்துக்கும் 30,000 வெள்ளி பெர்சனல் லோன் எடுத்தார். வருஷத்துக்கு 6 சதவீதம் ஃபிளாட், 7 வருஷம். கணக்குப் போடுங்க. வட்டி மட்டும் 12,600. மொத்தம் 42,600. மாசம் 507 வெள்ளி, 84 மாசம். இது கார் லோனுக்கு மேல.

இப்ப அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஓட்டி, பொது விடுமுறை ஓட்டி, யாராவது லீவு போட்டா அந்த இடத்துக்கும் கை தூக்கறார். கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆச்சு. பொண்டாட்டியோட ஒரு தைப்பூசம் கூடச் சேர்ந்து போகலை. ஒருத்தர் சொன்னார், "முன்ன 50,000 கடனுக்கே திவால் ஆக்கிடுவான், இப்ப 1 லட்சத்துக்கு ஏத்திட்டாங்க, பயப்படாதே"ன்னு. நல்ல ஆறுதல் போங்க!

"எங்க காசு, எங்க இஷ்டம்" என்பார்கள். சரி, உங்கள் காசுன்னே வைத்துக்கொள்வோம். கடன் வாங்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள், ரெண்டு பேரும் நல்ல வேலை, சேர்த்து வைத்துப் போகிறார்கள். சுற்றிப் பாருங்க, எங்களுக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்கு அப்புறம் பத்து நாடு போங்க. எங்கள் சண்டை பயணத்தோடு இல்லை. தாலி கட்டுகிற இடத்தைப் பயணத்தோட கடைசி ஸ்டாப்பா ஆக்கறீங்களே, அதோடதான்.

ஏன்னு கேளுங்க. இப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே ஜேபிஎன்-ல் ஆர்ஓஎம் முடித்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். அதாவது சட்டப்படி கல்யாணம் இங்க கவுன்டரில் முடிஞ்சுது. அதுக்குச் சட்டம் கேட்பது 2 சாட்சி. பாலியில் நடப்பது சடங்கு மட்டும். அந்தச் சடங்குக்குத்தான் ஊர் வேணும். அதைத்தான் ஊர் வர முடியாத இடத்துக்குத் தூக்கிட்டுப் போறீங்க.

கோயில் கல்யாணத்தில் நாங்கள் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறோம். தாலி கட்டுவதற்கு முன்னாடி, தேங்காய் மேல் மாங்கல்யத்தை வைத்து, அட்சதையோடு தட்டில் எடுத்துக்கிட்டு சபை முழுக்கப் போவோம். முன் வரிசையில் உட்கார்ந்த டத்தோ தொடுவார், கடைசி வரிசையில் செருப்புக் கழட்டி நிற்கிற லாரி டிரைவரும் தொடுவார். சக்கர நாற்காலியில் இருக்கிற தாத்தாவுக்குக் குனிந்து காட்டுவோம். குருக்கள் அவசரப்படுத்துவார், முகூர்த்தம் போகுதுன்னு. இருந்தாலும் ஒருத்தரையும் விட மாட்டோம். தொட்ட ஒவ்வொருத்தரும் அந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பு. நாளைக்கு ரெண்டு பேருக்கும் சண்டைன்னா, "நான் தொட்டுக் கொடுத்த தாலிடா அது" என்று அத்தை பஸ் ஏறி வந்து உட்கார்வாள். இதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், ஒரு தடவை இல்லை. விவாகரத்துக்குப் போகும்போது ஒருத்தர் ஒத்துக்கலைன்னா சட்டமே சமரசக் குழுவுக்குத்தான் முதலில் அனுப்புகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு உங்கள் பேரே ஃபைலைப் பார்த்துத்தான் தெரியும்.

பாலியில் அந்தத் தட்டு யார்கிட்டப் போகுது? 25 பேர். அதில் போட்டோகிராஃபர், மேக்கப் அக்கா, டிரோன் விடுற தம்பி போக மிச்சம் எத்தனை?

எங்கள் கோயில் மடப்பள்ளியில் ஒரு பாட்டி இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். வயசு எழுபத்தெட்டு. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிப்பது அவர் பொறுப்பு, யாரையும் கிட்ட விட மாட்டார். அவரிடம் இருப்பது சிவப்பு ஐசி. இந்த நாட்டிலேயே வளர்ந்து, உழைத்து, பிள்ளை பெற்றும் குடியுரிமை வரலை. சிவப்பு ஐசிக்காரருக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. பேத்தி கல்யாணம் வெளிநாட்டில். "பாட்டி, லைவ் போடறோம், போன்ல பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

அன்னைக்கும் பாட்டி வெங்காயம் உரிக்க வந்தார். எங்கள் போனில்தான் பார்த்தார். லைன் ரெண்டு தடவை கட் ஆச்சு. தாலி கட்டும்போது சுத்திக்கிட்டே இருந்தது அந்த வட்டம். திரும்ப வந்தப்போ எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தாங்க. பாட்டி அரிசி டின்னிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து, மஞ்சள் தூளில் பிசைந்து, போன் மேல் போட்டார். நாங்கள் யாரும் ஒன்றும் பேசலை. போன்காரர் மட்டும் அப்புறமா மஞ்சளைத் துடைத்தார்.

இந்தப் பேத்தி கெட்ட பொண்ணு இல்லை. பாட்டியை விட்டுட்டுப் போகணும்னு திட்டம் போட்டவளும் இல்லை. தேதி ஹோட்டல் ஆஃபரைப் பார்த்துக் குறித்தது, இடம் இன்ஸ்டாகிராமில் பார்த்தது. யார் வர முடியும் என்ற கேள்வியையே யாரும் கேட்கலை. பெற்றவர்களும் கேட்கலை. எங்கள் கோபம் அவர்கள் மேல்தான் அதிகம்.

சிவப்பு ஐசி எல்லாருக்கும் இல்லைதான். ஆனா டயாலிசிஸில் இருக்கிற பெரியப்பா? 200 வெள்ளி பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் ரூமுக்கும் யோசிக்கிற சித்தி குடும்பம் நாலு பேர்? லீவு கிடைக்காத தாய்மாமன்? தாய்மாமன் இல்லாம யார் மாலை போடறது, ஈவன்ட் மேனேஜரா?

இன்னொன்று. பாலி இந்துக்கள் வாழ்கிற தீவு. நியெப்பி நாளில் விமான நிலையத்தையே ஒரு நாள் முழுக்க மூடி வைக்கிற ஊர். வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருத்தருக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து 150,000 ரூப்பியா கட்டணம் போட்டிருக்கிறார்கள், அந்த ஊரையும் பண்பாட்டையும் காப்பாற்ற. அங்கே ஒரு வீட்டில் கல்யாணம்னா என்ன நடக்கும்னு போனவங்க பார்த்தீங்களா? 'பஞ்சார்' என்று அவர்களுக்கு ஊர்க் கூட்டம் உண்டு. கல்யாணம், சாவு எதுவானாலும் பஞ்சார் ஆட்கள் வந்தே ஆகணும். ஆம்பளைங்க விடியற்காலையில் மசாலா வெட்டுவாங்க, பொம்பளைங்க படையல் பின்னுவாங்க. நம்ம தோட்டத்து லயத்தில் இருந்ததே, பந்தல் போட ஒரு வீடு, தேங்காய் திருவ ஒரு வீடு, அதேதான். அந்த வழக்கத்தை அவங்க இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க. நம்ம பிள்ளைகள் அந்த ஊருக்கே போய், அந்த வழக்கத்தைப் பார்க்காம, பாறையையும் கடலையும் மட்டும் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க.

இப்ப எதிர்க்கேள்வி. "கே.எல்.-ல ஆயிரம் பேருக்கு டின்னர் போட்டா இதைவிட டபுள் செலவு ஆகும். 25 பேரோட பாலி மலிவு." இது உண்மை. எல்இடி திரை, டிஜே, பொண்ணு பல்லக்கில் வர்றது, அதுவும் கூத்துதான். அதை நாங்கள் தாங்கிப் பேசலை. ஆனா பாலி போய் வந்த எத்தனை பேர் திரும்பி வந்து அதே ஹாலில் அதே டின்னர் வைக்காம இருந்தாங்க? சொல்லுங்க லா. ரெண்டும் நடக்குது, செலவும் ரெட்டிப்பு.

"சொந்தக்காரங்க வந்தா குறை சொல்லுவாங்க, சாம்பாரில் உப்பில்லைன்னுவாங்க, சண்டை இழுப்பாங்க." ஆமா, சொல்லுவாங்க. நாங்களே எத்தனை பந்தியில் கேட்டிருக்கோம். ஒரு மாமா பாயாசத்துக்காக மாப்பிள்ளை வீட்டோட மூணு வருஷம் பேசலை. இருந்தாலும் அந்த மாப்பிள்ளைக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ ரத்தம் கொடுக்க முதலில் வந்து நின்னது அதே மாமாதான்.

கோயில் மேலும் புகார் உண்டு, தெரியும். நல்ல முகூர்த்த நாளில் சில கோயில்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கல்யாணம், ஃபேக்டரி லைன் மாதிரி. கழிப்பறை சரியில்லை. இதையெல்லாம் செயலவைக்கு எழுதிப் போடுங்க, பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்க. நாங்களும் கேட்கிறோம்.

ஆனா ஒன்றை மட்டும் எங்களிடம் கேட்காதீங்க. வெளிநாட்டில் கல்யாணம் முடித்து வந்து, "ஒரு மணி நேரம் முன்மண்டபத்தைக் காலி பண்ணிக் கொடுங்க, கோபுரத்தோட டிரோன் ஷாட் வேணும், பாரம்பரியம் மாதிரி இருக்கும்" என்று போன மாசம் ஒரு குடும்பம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், உள்ளே ஐம்பது பேர் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க. முடியாதுன்னு சொல்லி அனுப்பினோம். எங்களைத் திட்டி ரிவ்யூ போட்டிருக்காங்க. போடட்டும்.

பயணம் போகிறவர்களுக்கு எங்கள் யோசனை இதுதான். தாலியை இங்கே கட்டுங்க, காலையிலேயே. நூறு பேர் போதும். பெரிய மேடை வேண்டாம். பந்தலும் வாழைமரமும் நாங்கள் கட்டுகிறோம், மடப்பள்ளியில் சைவச் சாப்பாடு நம்ம அக்காமார்கள் சமைப்பார்கள், சாமான் செலவு மட்டும் உங்களது. தட்டு கடைசி வரிசை வரைக்கும் போகும், அதுக்கு நாங்கள் பொறுப்பு. சாயங்காலம் பிளேன் ஏறி எந்தப் பாறை மேலும் நின்று படம் எடுங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லணும், முகூர்த்த நாள் சீக்கிரம் போய்டும். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு ராத்திரி 8 மணிக்கு மேல கோயில் ஆபீஸில் எங்களில் ஒருத்தர் கட்டாயம் இருப்போம். ரெண்டு பேரோட ஐசி காப்பி எடுத்துட்டு வாங்க. வீட்டில் நடக்க முடியாத பெரியவர் யாராவது இருந்தால் அப்பவே சொல்லிடுங்க, வேன் ஏற்பாடு பண்ணணும்.