பாட்டி நம்பும் குரல், பேத்தி நம்பும் எழுத்து

பெங்களூர் நீலசந்திராவில் தமிழும் உருதும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. நெருக்கமான அந்த வீடுகள் பலவற்றில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்கிறது. ஏஐ நிறுவனங்கள் முளைக்கும் கோரமங்களா அங்கிருந்து அதிக தூரமில்லை. அப்படி ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாவும், அதே மாதிரி இடத்தில் வேலை தேடும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு என்றால் என்னவென்று இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்களா? பெரும்பாலும் இல்லை என்பதே நம் கவலை.

மகளுக்கு அது சாட்ஜிபிடி. 2022 நவம்பரில் வந்த அந்தச் செயலி, அவளுக்கு பயோடேட்டா எழுதித் தருகிறது. இன்டர்வியூவுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறது. பாட்டிக்கு அந்தப் பெயரே தெரியாது. வாட்ஸ்அப்பில் ஏஐக்காக வந்த நீல வட்டத்தைக் கை தவறித் தொட்டுவிட்டு, பயந்துபோய் மூடுகிறார். ஆனால் ஏஐ அவரைக் குரலாகவும் முகமாகவும் தேடி வருகிறது.

2023-ல் கோழிக்கோட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 73 வயதான ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவருக்கு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் பழைய சக ஊழியரின் முகம். பொதுவான நண்பர்களை விசாரித்தது. உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு அவசரம் என்று 40,000 ரூபாய் கேட்டது. அனுப்பினார். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. தன்னிடமிருந்த பழைய எண்ணில் நண்பரைக் கூப்பிட்டார்; நண்பருக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரையில் வந்தது ஏஐ செய்த போலி முகம். பெங்களூரிலும் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியின் முகத்தை வைத்து போலி முதலீட்டு வீடியோக்கள் உலவின. நம்பவேண்டாம் என்று 2023 டிசம்பரில் அவரே எச்சரித்தார். அதன் பிறகும் இந்த நகரத்தில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இதை வயதானவர்களின் அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். அவர்கள் வாழ்நாள் முழுக்க, ஒரு குரல் கேட்டால் அதன் பின்னால் ஓர் ஆள் இருந்தார். 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், மறைந்த கருணாநிதி ஏஐ வழியே திரையில் தோன்றி வாழ்த்தினார். அந்தக் கரகரப்பான குரலை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எந்த மென்பொருள் என்ற கேள்வி எழுமா? அவர்களுக்கு அது கலைஞர்தான்.

பாட்டி ஏமாந்ததைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பாட்டி குரலை நம்புகிறார். பேத்தி சரளமான எழுத்தை நம்புகிறாள். சாட்ஜிபிடி போன்ற இயந்திரம் மலைபோல் குவிந்த எழுத்துகளைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. உண்மையா என்று பார்ப்பது அந்தக் கணிப்பின் வேலை அல்ல. அதனால் தவறையும் அதே தெளிவோடு சொல்லும். நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 2023-ல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கறிஞர்களில் ஒருவருக்கு 30 ஆண்டு அனுபவம். அவருக்கே அந்தக் கதி என்றால், ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதியையும் அப்பாவின் சர்க்கரை மாத்திரை அளவையும் அதனிடம் கேட்கும் பிள்ளைகளை நினைத்து நமக்குப் பதறுகிறது.

"யாரு சொன்னது? நீ பார்த்தியா?" என்று பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்விதான் இன்று பிள்ளைகளிடம் இல்லை. இயந்திரம் வந்தால் யார் கைக்கு லாபம், யார் கையிலிருந்து வேலை போகும் என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். எச்.எம்.டி. கைக்கடிகாரங்களைத் தயாரித்த நகரம் இது; அந்தப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்ததையும் பார்த்த நகரம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பேரன் முதலில் பேசியிருக்க வேண்டியது ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற தன் தாத்தாவிடம்.

குடும்பத்திடம் மட்டும் இந்தப் பொறுப்பைத் தள்ளிவிட முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை கிராமப் பஞ்சாயத்தில் தன்னார்வலர்கள் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய் முதியவர்களுக்கு ஸ்மார்ட்போனைக் கற்றுக்கொடுத்தார்கள். அதையே கேரளம் மாநிலம் முழுக்க விரிவுபடுத்தி, 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்தது. கர்நாடக அரசால் இது முடியாதா? அரசு வரும்வரை அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தொடங்கட்டும். நீலசந்திராவின் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இடம் தரட்டும். கல்லூரிப் பிள்ளைகள் தமிழிலும் உருதிலும் கன்னடத்திலும் சொல்லிக்கொடுக்கட்டும். பணம் கேட்டு எந்த முகம் வந்தாலும் போனை வைத்துவிட்டு, கையில் இருக்கும் பழைய எண்ணில் கூப்பிட வேண்டும் என்பது முதல் பாடம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பது இரண்டாவது. மூன்றாவது பாடத்தைப் பெரியவர்கள் நடத்தட்டும்: இயந்திரம் தந்த ஒரு பதிலைப் பிள்ளைகள் வாசிக்க, "யாரு சொன்னது?" என்று அவர்கள் கேட்கட்டும், ஆதாரத்தைத் தேடி எடுக்கும்வரை விடவேண்டாம்.