விண்ணப்பம் போடத் தெரிந்தவர் வீட்டில் இல்லையே!

பிளஸ் 2 ரிசல்ட் வந்த அன்று, 'எத்தனை மார்க்?' என்று கேட்க ஊரே வந்து நிற்கிறது. 'காலேஜுக்கு விண்ணப்பம் போட்டாச்சா?' என்று கேட்க ஒருத்தரும் வருவதில்லை. அம்மா, அப்பா இரண்டு பேருமே கல்லூரி வாசலை மிதிக்காத வீடுகளில், பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

பணம் இல்லை என்ற பேச்சு இப்போது பாதிதான் உண்மை. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வரும் பிள்ளைக்கு, தொழிற்கல்விக் கட்டணத்தில் 2010 முதல் சலுகை இருக்கிறது. ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2021 முதல் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் முதலான படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியே உண்டு. கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் அதே ஆயிரம். இவ்வளவு இருந்தும் 'நமக்கெல்லாம் எங்க கெடைக்கப் போகுது' என்று சொல்லும் தாய்மார்களை நான் தினமும் பார்க்கிறேன். யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும்?

நாங்கள் இருப்பது தறிப்பட்டறைகள் நிறைந்த பகுதி. சுற்றிலும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்கு முன்பே பைக்கில் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கையில் கலர் கலராக நோட்டீஸ், வாயில் தேன். எங்கள் தெருவில் தறி ஓட்டும் ஒரு தங்கை ஒருநாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, சீட்டு தீர்ந்துருமாம். இன்னைக்கே பத்தாயிரம் கட்டோணுமாம், ஒரிஜினல் மார்க் சீட்டையும் டி.சி.யையும் குடுத்துரச் சொல்றாங்க" என்றாள். அவள் மகள் கணக்கில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 80 வாங்கியவள். கவுன்சலிங் கணக்கில் கணித மார்க்கை அப்படியே எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுவார்கள். 88, 38, 40. ஆக 200-க்கு 166. அதோடு ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளிப் பிள்ளை. இவள் எதற்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும்?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகையும் 7.5 சதவீத இடமும், அரசு கவுன்சலிங் மூலம் சேருகிறவர்களுக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் இரண்டும் போச்சு. பைக்கில் வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்குக் கமிஷன் ஏது? ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக் கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். நல்லவேளையாக அந்தத் தங்கை கொடுக்கவில்லை. அவள் மகள் கவுன்சலிங்கிலேயே இடம் கிடைத்து, இன்றைக்குக் கட்டணமில்லாமல் படிக்கிறாள். அதே தெருவில் இன்னொரு வீட்டில் முன்பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, வருடா வருடம் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். இத்தனைக்கும் அந்தப் பையனின் மார்க் இவளுடையதைவிட அதிகம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தாவது வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, 'நல்லா வரட்டும்' என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பிளஸ் 1 சேர்க்கிறார்கள். அந்த நிமிடமே 7.5 சதவீத ஒதுக்கீடு கைநழுவிப் போகிறது. தனியார் பள்ளி கூடாது என்று நான் சொல்லவில்லை. இழப்பது என்ன என்று தெரிந்து முடிவு செய்யட்டும்.

முன்பெல்லாம் கவுன்சலிங் என்றால் மூட்டை கட்டிக் கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். 2018 முதல் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. அலைச்சல் மிச்சம், ஆனால் கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு வேறு தலைவலி. பிரவுசிங் சென்டரில் கொடுத்தால், அந்தத் தம்பி அவசரத்தில் தன்னுடைய இமெயிலையும் போன் நம்பரையும் போட்டுவிடுகிறார். பிறகு ஓ.டி.பி. அவருக்கு வரும், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும். இடம் ஒதுக்கி இரண்டொரு நாளில் உறுதி செய் என்று செய்தி வரும்போது கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது? வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால், அந்த இரண்டு மாதமாவது போன் பிள்ளையிடம் இருக்கட்டும். அரசின் உதவி மையங்களிலேயே இலவசமாகப் பதிவு செய்து தருகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கல்லூரிகளை வரிசைப்படுத்துவதையும் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் 'பஸ் போற தூரத்துல ஒண்ணு போதும்' என்று ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போடும் அம்மாக்களும் உண்டு. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம்; பிடித்தது முதலில், அடுத்தது அடுத்து. ஒன்றே ஒன்று எழுதி அது கிடைக்காமல் போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சான்றிதழ் விஷயத்தில் இனிஷியல் படுத்தும் பாடு தனிக்கதை. ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் சீட்டில் ஒரு எழுத்து. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். ரிசல்ட்டுக்குப் பிறகு போனால் கூட்டம் தாங்காது. தீபாவளி, பொங்கல் லீவிலேயே பெயர்களைச் சரிபார்த்து, வாங்க வேண்டியதை வாங்கி வைத்துவிடலாம்.

நானும் பிளஸ் 2 வரைதான் படித்தவள். இதெல்லாம் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டும், பேப்பரில் படித்தும் தெரிந்து கொண்டதுதான். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது நாலு பேரிடம் சொல்லி வைக்கிறேன்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக் கனவு என்று முகாம் நடத்துவதும், 14417 என்று போன் நம்பர் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் இன்ஜினியரிங் பதிவு மே முதல் வாரத்தில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அது கோடை விடுமுறை. பள்ளியில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இருப்பதில்லை. ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் அந்த ஒரு மாதம் ஓர் ஆசிரியர், ஒரு கம்ப்யூட்டர், காலை பத்து மணி முதல் மதியம் வரை திறந்த ஓர் அறை இருந்தால் போதும். தறிக்குப் போகும் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

- ஒரு வாசகி, பள்ளிபாளையம்