சிபியூ ஏன் இரைகிறது?

இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகுதான் சில சத்தங்கள் வெளியே வரும். ஃப்ரிட்ஜின் உறுமல், மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை, கூடவே ஹால் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரின் 'உய்ய்ய்...' பகலில் மிக்ஸிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே காணாமல் போயிருந்த இரைச்சல் அது. பிள்ளை ப்ராஜெக்ட் முடிக்க வேண்டும், அதே அறையில் தாத்தா தூங்கவும் வேண்டும் என்கிற வீடுகளில் இது சின்ன விஷயமே இல்லை.

சத்தம் தாங்காமல் நம் வீடுகளில் பொதுவாக மூன்று வைத்தியம் செய்கிறோம். ஒன்று, சிபியூ மேல் ஒரு துண்டைப் போர்த்துவது. இரண்டு, கம்ப்யூட்டர் டேபிளின் அடித்தட்டில் தள்ளி, கதவைச் சாத்துவது. மூன்று, கொஞ்சம் விவரம் தெரிந்த பையன் இருக்கும் வீடு என்றால், இரைகிற ஃபேனின் ஒயரையே உருவி விடுவது. மூன்றுமே சத்தத்தை அடக்கும். மூன்றுமே மெஷினின் ஆயுளையும் குறைக்கும். இரைச்சலைக் குறைக்கலாம், ஆனால் ஃபேனின் வாயைப் பொத்தி அல்ல. அது ஏன் கத்துகிறது என்று கண்டுபிடித்துத்தான்.

கத்துவதற்குக் காரணம் சூடு

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் சிப், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சாதாரண டெஸ்க்டாப்பில் அது மும்முரமாக வேலை செய்யும்போது 65 வாட்ஸ் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்து 60 வாட்ஸ் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அந்தச் சூடு ஞாபகம் இருக்கும். அத்தனை சூடும் ஒரு நகம் அளவு இடத்தில் கிளம்புகிறது. அதை இழுத்து வெளியேற்றத்தான் சிப்பின் தலையில் அடுக்கடுக்காகத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க், அதன் மேல் ஃபேன்.

சிப்புக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடு ஏறினால் ஃபேன் வேகம் பிடிக்கும், இறங்கினால் மெதுவாகும். ஃபேனால் சமாளிக்க முடியாமல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். 'வெயில் காலத்துல மட்டும் சிஸ்டம் ஸ்லோ ஆகுது, தானா ஆஃப் ஆகுது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஃபேன் ஏசி கிடையாது. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது உள்ளே தள்ளும். மார்கழியில் 25 டிகிரி காற்று, சித்திரையில் 38 டிகிரி காற்று. அதே வேலைக்கு வெயில் காலத்தில் அது வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும்.

சத்தம் வேண்டாம் என்று ஃபேனையே ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1980-ல் 'ஆப்பிள் 3' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே இரைச்சல் போடும் ஃபேன் கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். விற்பனைக்கு வந்த மெஷின்களில் சிப்கள் தங்கள் இடத்தைவிட்டு நழுவும் கோளாறு தலைதூக்கியது. சூடும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 'மெஷினைச் சில அங்குலம் தூக்கி, மேஜை மேல் போடுங்கள். சிப் மறுபடி சரியாக உட்காரும்' என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வைத்தியம்! அந்த மாடல் தேறவே இல்லை.

எது இரைகிறது?

ஒரு சிபியூவில் ஒரே ஃபேன் இருக்காது. ப்ராசஸர் மேல் ஒன்று, கேபினெட்டின் பின்புறம் ஒன்று, கரன்ட் வரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஒன்று. கேம் ஆடுகிற வீடு என்றால் கிராபிக்ஸ் கார்டில் இன்னும் ஒன்றிரண்டு. எது குற்றவாளி என்று தெரியாமல் காசு செலவழிக்கக் கூடாது.

ஒரு பழைய செய்தித்தாளைக் குழாய் போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கேபினெட்டுக்கு வெளியே ஒவ்வொரு ஃபேனுக்கும் நேராகக் காட்டுங்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். சத்தம் வரும் இடம் தெரிந்துவிடும். என்ன வகைச் சத்தம் என்பதும் முக்கியம்.

'உய்ய்' என்ற காற்று இரைச்சல் என்றால், ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, சூடு தாங்காமல் ஓடுகிறது என்று பொருள். 'கரகர' என்று அரைத்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. 'டகடக' என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. 'ம்ம்ம்' என்ற அதிர்வு என்றால் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் தகடு லூஸாக இருக்கிறது. ஸ்க்ரூவை முடுக்கினால் போதும்.

'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டு வந்தால் அது ஃபேன் அல்ல, ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அன்றைக்கே போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

செலவில்லாத வைத்தியம்

முதலில் இடம். கதவு சாத்திய டேபிள் அறைக்குள் வைத்தால், வெளியே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் மறுபடி உள்ளே இழுக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணிக் கவரை ஆஃப் செய்த பிறகு மட்டும் போடுங்கள். தரையில் வைத்தால் பெருக்கும் தூசியெல்லாம் உள்ளே போகும். சின்ன ஸ்டூல் மேல் ஏற்றுவது நல்லது. சமையலறையை ஒட்டி வைக்க வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகை தூசியோடு சேர்ந்தால் பிசுக்காகி ஒட்டிக்கொள்ளும். துடைத்தாலும் போகாது.

அடுத்தது சுத்தம். நம் ஊர் சிபியூக்களின் இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் தூசிதான். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை போல அடைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லாததால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும்.

ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு சின்ன ப்ளோயரும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பம்பரமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்வது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

மூன்றாவது, ஒன்றும் செய்யாதபோதும் ஃபேன் கத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து பாருங்கள். சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் 70, 80 சதவிகிதம் வேலை செய்வதாகக் காட்டினால், பின்னணியில் ஏதோ ஓடுகிறது. அப்டேட்டாக இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். பயாஸ் செட்டிங்கில் ஃபேனுக்கு 'சைலன்ட்' என்ற தேர்வு பல மதர்போர்டுகளில் உண்டு. சுத்தம் செய்து முடித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். தூசியோடு அதைப் போட்டால் துண்டு போர்த்துவதும் அதுவும் ஒன்றுதான்.

கொஞ்சம் செலவாகும் வைத்தியம்

கரகரக்கும் ஃபேனுக்கு எண்ணெய் விடலாமா? விடலாம், தற்காலிகமாக. தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஃபேனைக் கழற்றி, நடுவில் உள்ள ஸ்டிக்கருக்குக் கீழே. தேங்காய் எண்ணெய் கூடாது. கொஞ்ச நாளில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்டும் சில வாரங்களில் சத்தம் திரும்பினால் ஃபேனை மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று அளவு. 80, 92, 120 மில்லிமீட்டர் என்று வரும். கேபினெட்டில் இடமிருந்தால் பெரியதாக வாங்குங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். ஃபேன் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ கணக்குப்படி 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். ஒரு ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதைவிட, இரண்டு ஃபேன் பாதி வேகத்தில் ஓடுவது நல்லது என்பதும் இந்தக் கணக்கால்தான்.

இரண்டாவது பின். நான்கு பின் உள்ள ஃபேன் என்றால் மதர்போர்டு அதன் வேகத்தைத் துல்லியமாகக் கூட்டிக் குறைக்கும். மூன்றாவது திசை. முன்பக்கம் காற்று உள்ளே வர வேண்டும், பின்பக்கம் வெளியே போக வேண்டும். ஃபேனின் ஸ்டிக்கர் ஒட்டிய, சட்டம் தாங்கும் பக்கமாகத்தான் பொதுவாகக் காற்று வெளியேறும். மாட்டும்போது ஸ்க்ரூவுக்கு நடுவே ரப்பர் வாஷர் போட்டால் அதிர்வு தகட்டுக்குப் போகாது.

நான்கைந்து வருடமான மெஷின் என்றால், ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். புதிதாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும். ஆனால், ஹீட் சிங்கைக் கழற்றுவதில் ப்ராசஸரே கூட வந்துவிடும் அபாயம் உண்டு. பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் செய்பவரை வீட்டுக்கு அழைத்து, கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். அதன் ஃபேன் கத்தினால் வெளியிலிருந்து தூசி ஊதுவதோடு நிறுத்திக்கொண்டு, கடைக்குக் கொண்டுபோங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு

மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் அடியில் உள்ள காற்று வழி அடைபட்டுப் போகும். மரப்பலகையோ பரீட்சை அட்டையோ போதும். மேஜையில் வைக்கும்போது பின்பக்கம் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தால் கொஞ்சம் உயர்த்துங்கள். இந்த ஒன்றிலேயே பலருக்கு இரைச்சல் குறையும்.

தேறியதா என்று பார்க்க

வேலை தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் இலவச டெம்ப்ரேச்சர் ஆப் ஒன்றில் ப்ராசஸர் சூட்டைக் குறித்து வையுங்கள். இரண்டு முறையும் அதே வேலை, அதே பகல் நேரம். டெஸ்க்டாப் மும்முரமாக இயங்கும்போது 80 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 95-ஐத் தொட்டால் உடனே கவனிக்க வேண்டும். சத்தமும் குறைந்து சூடும் குறைந்திருந்தால் வைத்தியம் பலித்தது. சத்தம் குறைந்து சூடு ஏறியிருந்தால், செய்ததை அப்படியே திருப்பிவிடுங்கள். தவணையில் வாங்கிய மெஷினைவிடக் கொஞ்சம் இரைச்சல் மலிவுதான்.

*அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எப்போது, என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும்?*