மாவை 'மிக்ஸ்' பண்ணலாமா?



நான் வேலையில் இருந்தபோது ஒருநாள் வகுப்பில், "மிக்சர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் சட்டென்று எழுந்தான். "ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, கறிவேப்பிலை டீச்சர்!" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால், அவன் சொன்னதில் தவறே இல்லை. மிக்சர் என்றால் கலவை. பல பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்தும், ஓமப்பொடி ஓமப்பொடியாகவே, கடலை கடலையாகவே இருக்கிறது அல்லவா? அதுதான் கலவை!

அந்தச் சொல்லின் மீது எனக்குக் கோபம் இல்லை. மிக்சர் இல்லாமல் தீபாவளி ஏது? என் வருத்தம் வேறு.

சென்ற வாரம் முறுக்கு சுட உட்கார்ந்தேன். பேத்தி ஓடி வந்து, "பாட்டி, மாவை நான் மிக்ஸ் பண்ணட்டுமா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "மோரில் கூழை மிக்ஸ் பண்ணட்டுமா?" என்றாள். பிறகு, "காபியில் சர்க்கரையை மிக்ஸ் பண்ணிட்டேன்!" என்றாள். மூன்று வேலைக்கும் ஒரே சொல்!

நம் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். முறுக்கு மாவைப் பிசைவோம். கூழை மோரில் கரைப்போம். உப்புமாவைக் கிளறுவோம். கொதிக்கும் கஞ்சியைத் துழாவுவோம். கீரையைக் கடைவோம். சந்தனத்தைக் குழைப்போம். செங்கல் அறுப்பவர் மண்ணை மிதித்துக் குழைப்பார். கொத்தனார் சிமெண்டும் மணலும் சேர்த்துக் கலவை போடுவார். ஒவ்வொரு சொல்லிலும் கை எப்படி அசைய வேண்டும் என்பதே அடங்கியிருக்கிறது!

"எப்படிச் சொன்னால் என்ன டீச்சர், வேலை நடந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். வெந்த கீரையைக் காட்டி, "இதை மிக்ஸ் பண்ணு" என்று அம்மா சொன்னால் என்ன செய்வீர்கள்? மத்தை எடுத்துக் கடைவீர்களா, கரண்டியால் கிளறுவீர்களா? "கடை" என்று சொன்னால் சந்தேகமே வராது.

இன்னொன்றும் உண்டு. மிளகில் பப்பாளி விதையைச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை "மிக்ஸ் பண்ணிட்டாங்க" என்றால், ஏதோ சமையல் குறிப்பு போலத் தோன்றும். "கலப்படம்" என்று சொல்லுங்கள். அது குற்றம் என்பது உடனே புரியும். ஆனால், பல பூக்களைச் சேர்த்துத் தொடுத்தால் அது கதம்பம். கேட்டாலே மணக்கிறது! இரண்டிலும் பொருள்கள் சேரத்தான் செய்கின்றன. ஒன்று ஏமாற்று, மற்றொன்று அழகு. அதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

ஆங்கிலமாவது நன்றாக வருமே என்கிறீர்களா? ஆங்கிலேயர்களும் எல்லாவற்றுக்கும் 'மிக்ஸ்' என்று சொல்வதில்லை. பிசைவதற்கு 'நீட்' (தேர்வு அல்ல!), கிளறுவதற்கு 'ஸ்டிர்', கரைவதற்கு 'டிஸால்வ்', கடைவதற்கு 'சர்ன்' என்று அவர்களுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. எதற்கும் 'மிக்ஸ்' என்று சொல்லிப் பழகினால், தமிழும் குறையும், ஆங்கிலமும் வளராது.

பிறமொழிச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆனது. நம் 'மிளகுத்தண்ணீர்' அங்கே 'முல்லிகடானி' என்ற சூப் ஆனது. அவர்கள் தங்களிடம் இல்லாததை வாங்கிக் கொண்டார்கள். நாமோ, இருப்பதைப் பரணில் போட்டுவிட்டுக் கடன் வாங்குகிறோம்!

அறிவியல் பாடத்தில் கலவை, சேர்மம் என்று படிக்கிறீர்கள். மணலும் இரும்புத்தூளும் சேர்ந்தால் கலவை. காந்தத்தைக் காட்டினால் இரும்புத்தூள் தனியே வந்துவிடும். நீர் ஒரு சேர்மம். அதிலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அப்படி எளிதாகப் பிரிக்க முடியாது. நம் பேச்சு இன்னும் கலவைதான், சேர்மமாகி விடவில்லை. இப்போதே முயன்றால் பிரித்துவிடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுடன் அடுப்படிக்குப் போங்கள். பாட்டியோ, அம்மாவோ, அப்பாவோ சமைக்கும்போது கூடவே இருங்கள். கலப்பதற்கு எத்தனை சொற்கள் கிடைக்கின்றன என்று எழுதுங்கள். நான் இங்கே எட்டுக்கும் குறையாமல் சொல்லியிருக்கிறேன். உங்கள் பட்டியல் அதைவிட நீளமாக இருக்கட்டும்!

என் பேத்தி இப்போது, "பாட்டி, மாவைப் பிசையட்டுமா?" என்றுதான் கேட்கிறாள். முறுக்கும் மொறுமொறுவென்று வருகிறது!

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்னேரி