லைட்டருக்கு எதிராகத் தீக்குச்சி

கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் மனுப் போடுவதில் சளைத்தவை அல்ல. மலிவு லைட்டரால் பிழைப்பு போகிறது என்று சென்னைக்கும் டெல்லிக்கும் நடையாய் நடந்தார்கள். 2022-இல் முதல்வர் ஸ்டாலினும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை. சரக்கு சும்மா இருக்குமா? உதிரிபாகமாக வந்து இறங்கியது. மறுபடி மனு, 2024 அக்டோபரில் அதற்கும் தடை. கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இந்த மனுக்களில் எப்போதும் முன்வரிசையில் நிறுத்தப்படுவது லட்சக்கணக்கான பெண் தொழிலாளர்கள். 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானதே, அதில் குச்சி அடைக்கும் கைக்கு எத்தனை பைசா போனது? அடுத்த மனுவில் அதையும் ஒரு வரி எழுதட்டுமே.