அட்ரினலுக்குக் களைப்பாம், அதுக்கு ஒரு பொடியாம்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. பொட்டி தட்டுறவன். இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் எந்த மாத்திரையையும் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நிறுத்த வேண்டாம்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னு கடைசியில தெரியும். அப்புறம், இதில் உள்குத்து எதுவும் இல்லை. நேர்குத்துதான்.

நான் தவறாமல் வாசிக்கிற சக பதிவர் ஒருத்தர் போன வாரம் "அட்ரினல் களைப்பு" பற்றி எழுதியிருந்தார். காலையில எந்திரிக்க முடியலையா? மத்தியானம் மூணு மணிக்குக் கண்ணு சொக்குதா? ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பளிச்சுன்னு முழிப்பு வருதா? மன அழுத்தத்தால உங்க அட்ரினல் சுரப்பி ஓடி ஓடி ஓய்ஞ்சு போச்சு, எச்சில் டெஸ்ட் எடுங்க, பக்கவிளைவே இல்லாத இயற்கை மாத்திரை சாப்பிடுங்க என்று முடித்திருந்தார். கீழே வரிசையா பின்னூட்டம், "தல, எனக்கும் அதேதான்!" என்று.

எனக்கும் அதேதான் தல. ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரனோட கால், காலைல எட்டரைக்கு இன்னொரு மீட்டிங் என்று ஆணி புடுங்குகிற எவனுக்கும் மூணு மணிக்குக் கண்ணு சொக்கத்தான் செய்யும். அதுக்குப் பேர் தூக்கமின்மை. சுரப்பி மேல ஏன் பழி போடணும்?

கோபத்தோட ஆரம்பிச்சுட்டேன். கொஞ்சம் நிதானமா விஷயத்துக்கு வரேன்.

சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதுதான் அட்ரினல். கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்குது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் வந்தா தாங்குகிற சக்தி எல்லாத்துக்கும் அது வேணும். எவ்வளவு சுரக்கணும்னு முடிவு பண்றது மூளைக்கு அடியில இருக்கிற பட்டாணி சைஸ் பிட்யூட்டரி. அது ஏசிடிஎச் என்கிற ஹார்மோனை அனுப்பி அட்ரினலை வேலை வாங்கும். ரத்தத்துல கார்டிசால் கூடினா பிட்யூட்டரி குறைச்சுக்கும், குறைஞ்சா கூட்டும். பின்னூட்டம் அதிகமானா பதிவு போடறதைக் குறைச்சுக்கிற ஒரே இடம் இதுதான் :-)

இந்தச் சுரப்பி நிஜமாவே செயலிழந்து போகும். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் தாமஸ் அடிசன் 1855ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். விடாத சோர்வு, எடை குறைதல், தோல் கறுத்துப் போதல், வாந்தி, கடைசியில் மரணம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு இந்த அடிசன் நோய் இருந்தது. காசநோய் அட்ரினலை அழிச்சும் இது வரும், அதனால நம்ம ஊருக்கு அந்நியமான நோயும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கு. காலையில ரத்தத்துல கார்டிசால் பார்ப்பாங்க. சந்தேகம்னா செயற்கை ஏசிடிஎச் ஊசி போட்டு, அரைமணி, ஒரு மணி நேரம் கழிச்சு சுரப்பி பதில் சொல்லுதான்னு பார்ப்பாங்க. சர்வர் உயிரோட இருக்கான்னு பிங் பண்ணிப் பார்க்கிற மாதிரி.

"அட்ரினல் களைப்பு" கதை வேற. 1998ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்கிற இயற்கை மருத்துவக்காரர் வைத்த பேர் அது. பேர் வச்சா நோய் வந்துடுமா? 2016ல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர், சோர்வையும் கார்டிசாலையும் சேர்த்துப் பார்த்த 58 ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு, இப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் எண்டோக்ரைன் சொசைட்டி சொல்வதும் அதுவேதான்.

"அப்போ எங்க சோர்வு பொய்யா?" என்று கேட்பீங்க. சத்தியமா இல்லை. சோர்வு நிஜம், அதுக்குச் சொன்ன காரணம்தான் பொய். ரத்தசோகையா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், சர்க்கரையா, மனச்சோர்வா இருக்கலாம். இது எல்லாத்துக்கும் டெஸ்ட்டும் இருக்கு, மருந்தும் இருக்கு. "அட்ரினல்" என்று ஒரு பேரை ஒட்டிட்டா அதையெல்லாம் தேடறதை நாம விட்டுடறோம். முதல் நஷ்டம் அதுதான்.

ரெண்டாவது நஷ்டம் இதைவிட மோசம். "மாத்திரை வேலை செய்யலைன்னாலும் கெடுதல் இல்லையே, இயற்கைதானே" என்று ஒரு பின்னூட்டம் பார்த்தேன். 2018ல் மேயோ கிளினிக்கின் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் "அட்ரினலுக்குப் பலம்" என்று விற்ற 12 மாத்திரை வகைகளை வாங்கிச் சோதித்தார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. ஏழில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் இருந்தது. இல்லாத நோய்க்கு மருந்து வித்தவன் உள்ளே நிஜ ஹார்மோனைப் போட்டிருக்கான்! என்ன கொடுமை சார் இது?

"அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு" என்பவர்களுக்கு எங்க அத்தை கதையைச் சொல்றேன். சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா இதில் நானும் குற்றவாளி.

அத்தைக்கு மூட்டுவலி. யாரோ சொன்னாங்கன்னு ஒருத்தர்கிட்ட பொடி வாங்கிச் சாப்பிட்டாங்க. வெள்ளைத்தாள்ல மடிச்ச பொட்டலம், பேரும் கிடையாது ஊரும் கிடையாது. பத்தே நாள்ல மாடிப்படி ஏறினாங்க. "மருந்து கேக்குதுடா!" என்று போன்ல சந்தோஷப்பட்டாங்க. ஆறு மாசத்துல முகம் உருண்டையாச்சு, உடம்பு பூசினாப்ல ஆச்சு. கல்யாண வீட்ல எல்லாரும் "நல்லா தெளிஞ்சுட்டீங்க" என்றார்கள். கையில தொட்டாலே கன்றிப்போச்சு, சர்க்கரையும் ஏறிச்சு.

மருந்து கேக்கத்தான் செய்யும். 1948ல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் முடங்கிய ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் நடந்தார். 1950ல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. ஸ்டீராய்டு அருமையான மருந்து. ஆனா வாரக்கணக்கில், மாசக்கணக்கில் வெளியிலிருந்து வந்துக்கிட்டே இருந்தா, பிட்யூட்டரி "அதான் நிறைய இருக்கே" என்று ஏசிடிஎச் அனுப்புறதை நிறுத்திடும். வேலை இல்லாத அட்ரினல் சுருங்கிடும். அந்த நிலைமையில மருந்தைப் படக்கென்று நிறுத்தினால்?

இங்கதான் மருமகப் பிள்ளை நான் வரேன். இஞ்சினியரிங் படிச்ச மேதாவி இல்லையா! நெட்ல தேடி, "இதுல ஸ்டீராய்டு இருக்கு அத்தை, இனிமே தொடாதீங்க" என்று சொல்லி, பொட்டலங்களை நானே எடுத்துக் குப்பையில போட்டேன். பெருமையா ஊருக்கும் கிளம்பிட்டேன். அஞ்சாம் நாள் அவங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல். ஆறாம் நாள் விடாத வாந்தி, ரத்த அழுத்தம் பாதாளத்துல. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிட்டாங்க?" யாருக்கும் தெரியலை. பொட்டலம்கூட இல்லை. அந்த டாக்டர் அத்தையின் உருண்டை முகத்தைப் பார்த்தே யூகிச்சு, ரத்தம் எடுத்துக்கிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார். அத்தை பிழைச்சாங்க. அப்புறம் வந்த ரிசல்ட்டில் கார்டிசால் இருந்த இடமே தெரியலை. அவங்க அட்ரினல் மறுபடி தானா வேலை செய்ய ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க.

இதில் என்னை உறுத்துகிற விஷயம், இது புது ஞானமே இல்லை. கார்டிசோன் சாப்பிட்டு வந்த நோயாளி அட்ரினல் சுருங்கி அதிர்ச்சியில் இறந்ததை 1952லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிட்டாங்க. பிரிட்டனில் 2020லிருந்து, ஸ்டீராய்டு திடீரென்று நின்றால் ஆபத்து என்கிற நிலையில் உள்ளவர்களுக்கு அவசர அட்டை தருகிறார்கள். மயங்கி விழுந்தால் பார்க்கிறவனுக்குத் தெரியணும்னு. நம்ம அத்தைகளுக்கு வெள்ளைத்தாள் பொட்டலம்.

உடனே ஒருத்தர் கிளம்பி வருவார்: "இங்கிலீஷ் டாக்டர் மட்டும் ஸ்டீராய்டு தரலையா?" தர்றார்தான். ஆஸ்துமாவுக்கு, முடக்குவாதத்துக்கு, உயிர் காக்கத் தர்றார். எதுன்னு சொல்லாமல், எப்படி நிறுத்தணும்னு சொல்லாமல் தந்தால் அவரையும் இதே வாயால திட்டுவேன். சீட்டே இல்லாமல் "உடம்பு வலியா, இதைப் போடுங்க" என்று கலர் கலரா மாத்திரையைக் கிழிச்சுத் தர்ற மெடிக்கல் கடைக்காரரையும் சேர்த்துத்தான். என் சண்டை சித்தாவோடும் இல்லை, அலோபதியோடும் இல்லை. பேர் சொல்லாத மருந்தோடு. உள்ளே என்ன இருக்குன்னு சொல்ல மறுக்கிறவன் எந்த வைத்தியமும் பார்க்கலை, வியாபாரம் பார்க்கிறான்.

எழுதுகிற நமக்கும் பொறுப்பு இருக்கு சாமிகளா. சினிமா விமர்சனம் தப்பா எழுதினா ஒருத்தனுக்கு டிக்கெட் காசு போகும். இது அப்படி இல்லை. அதனால மூணே வேண்டுகோள்:

1. பேர் தெரியாத எந்தப் பொடியையும் மாத்திரையையும் பரிந்துரைச்சுப் பதிவு போடாதீங்க. "எனக்குக் கேட்டுச்சு" என்பது ஆதாரம் இல்லை. எங்க அத்தைக்கும் கேட்டுச்சு.

2. வீட்ல பெரியவங்க அப்படி எதையாவது மாசக்கணக்கா சாப்பிட்டு வந்தா, என்னை மாதிரி வீரம் காட்டி நிறுத்தாதீங்க. பொட்டலத்தோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

3. சோர்வா இருந்தா ஒழுங்கா ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. அதுக்கு முன்னாடி எட்டு மணி நேரம் தூங்கிப் பாருங்க.

அந்தப் பதிவருக்கு: உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. மாற்றுக்கருத்து இருந்தா வாங்க, பேசலாம். ஆனா அந்த மாத்திரை டப்பாவுல என்னென்ன, எவ்வளவு இருக்குன்னு மட்டும் முதல்ல படிச்சுச் சொல்லுங்க. அதில் எழுதவே இல்லைன்னா, எனக்கான பதிலும் அதுதான்.